சித்தியின் 2 ஜிபி போனும் கணக்கில் வரட்டும்

போனுக்குத் தமிழ் கீபோர்டு செய்கிறவர்களுக்கும், போனுக்குள்ளேயே மாடலைப் பயிற்றும் அமைப்புகளைக் கட்டுகிற பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

என் சித்தி சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம், சேலைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது எல்லாம் பார்ப்பாள். வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்வது வாட்ஸப்பில்தான். மிஷினை நிறுத்திவிட்டுக் கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுவாள். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது போனை என்னிடம் நீட்டி, "ஏ ராசா, நான் ஒண்ணு அடிச்சா இது ஒண்ணு போடுது, என்னன்னு பாரேன்" என்றாள். அவள் அடிக்க நினைத்தது, "அக்கா ஜாக்கெட் தச்சாச்சு, கொக்கி மட்டும் வைக்கணும், சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்று. போய்ச் சேர்ந்தது, "கொக்கு மட்டும் வைக்கணும்". அந்த அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டாராம். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டாவது வரை படித்தவள் அவள். தனக்குத்தான் எழுதத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, அதற்கப்புறம் எல்லோருக்கும் வாய்ஸ் மெசேஜ்தான் அனுப்புகிறாள்.

நான் கல்லூரியில் கணினி அறிவியல் சொல்லித்தருகிறவன். தப்பு சித்தியுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் எழுதுகிற தமிழை அந்த கீபோர்டு எங்கேயும் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தச்சாச்சு, வாங்கிக்கோங்க, கொக்கி, லைனிங், பட்டி, கழுத்து இறக்கம் என்று வருகிற தமிழ் இணையத்தில் அள்ளி எடுக்கிற மாதிரி எங்கும் கொட்டிக் கிடக்கவில்லை. செய்தித்தாள் தமிழ் கிடக்கிறது, சினிமா விமர்சனத் தமிழ் கிடக்கிறது. சித்தியின் தமிழ் சித்தியின் போனுக்குள் மட்டும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பெண் தன் அண்ணனுக்கு எழுதுகிற "வாறன், பிறகு கதைக்கிறன்" அவள் போனுக்குள் மட்டும் இருக்கிறது. அதை யாரும் மொத்தமாக வாரி எடுத்து ஒரு சர்வரில் கொட்டக் கூடாது. அது அவர்களுடைய சொந்தப் பேச்சு.

இதற்காகத்தான் ஃபெடரேட்டட் லேர்னிங் வந்தது. கூட்டுக் கற்றல் என்று நான் மாணவர்களிடம் சொல்வேன். பேச்சு போனை விட்டு வெளியே போகாது. மாடல், அதாவது அடுத்த சொல்லை ஊகிக்கிற எண்களின் தொகுப்பு, போனுக்கு வரும், அங்கேயே கொஞ்சம் கற்றுக்கொள்ளும், கற்றதால் தன் எண்களில் என்ன மாறியது என்பதை மட்டும் சர்வருக்கு அனுப்பும். நூற்றுக்கணக்கான போன்களிலிருந்து வரும் மாற்றங்களின் சராசரியை எடுத்து சர்வர் மாடலைத் திருத்தும். அப்புறம் அடுத்த சுற்று. 2016இல் கூகுளில் மக்மஹானும் உடன் வேலை செய்தவர்களும் இந்த முறையை எழுதியபோதே அதன் மையம் சிக்கனம்தான். கற்றலின் ஒவ்வொரு சின்ன அடிக்கும் சர்வரிடம் ஓடாமல் போன் தனக்குள்ளேயே பல அடிகள் நடந்துவிட்டு வந்தால், பேச வேண்டிய சுற்றுகள் 10 முதல் 100 மடங்கு வரை குறைகின்றன என்று காட்டினார்கள்.

என் மனக்குறை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. இந்தத் துறையில் சிக்கனம் என்றால் சர்வருக்கு எத்தனை மணி நேரம் மிச்சம், எத்தனை சுற்று மிச்சம் என்றுதான் பேசுகிறோம். யாருடைய போன் அந்தச் சுற்றுக்குள் வர முடிகிறது என்ற கேள்வியும் அதே சிக்கனத்தைச் சேர்ந்ததுதான். மாடல் தின்கிற மெமரியும், கேட்கிற டேட்டாவும், எடுக்கிற நேரமும் கூடக் கூட, உள்ளே வர முடிகிறவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். குறைகிறவர்கள் எப்போதும் ஒரே பக்கத்து ஆட்கள்தான்.

கூகுள் கீபோர்டின் அடுத்த சொல் ஊகத்தைப் பற்றி 2018இல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரையை என் மாணவர்களுக்கு வரி வரியாக நடத்துகிறேன். அமெரிக்க ஆங்கிலத்துக்குச் செய்தது அது. நல்ல வேலை, நேர்மையாக எழுதிய கட்டுரை. 10,000 சொற்கள், 14 லட்சம் எண்கள் கொண்ட ஒரு சின்ன மாடல், போனில் 1.4 எம்பிக்குள் அடங்குகிறது. 3,000 சுற்றுகள், நாலைந்து நாட்கள், 15 லட்சம் போன்கள், 60 கோடி வாக்கியங்கள். எந்த போன் சேரலாம் என்பதற்கும் விதி எழுதியிருக்கிறார்கள்: குறைந்தது 2 ஜிபி மெமரி (ரேம்) வேண்டும், சார்ஜில் இருக்க வேண்டும், அளவுக் கட்டணம் இல்லாத நெட்வொர்க்கில் இருக்க வேண்டும், அந்த நேரம் யாரும் போனைப் பயன்படுத்தக் கூடாது. அடுத்த வருஷம் வந்த, மொத்த அமைப்பையும் விளக்குகிற கட்டுரையிலும் சார்ஜ், வைஃபை போன்ற நெட்வொர்க், சும்மா இருப்பது என்ற இதே மூன்றும் வருகின்றன. இந்தத் துறையில் பலரும் இவற்றை வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறார்கள்.

இந்த விதிகள் கெட்ட எண்ணத்தில் வந்தவை இல்லை. யாருடைய பேட்டரியும் தீரக் கூடாது, யாருடைய டேட்டாவும் போகக் கூடாது என்ற அக்கறையில் வந்தவை. இப்போது இவற்றைச் சித்தியின் ஒரு நாளோடு வைத்துப் பாருங்கள்.

காலையில் கடை திறந்ததும் போனை சார்ஜில் போடுவாள். கடையில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். மிஷின் மோட்டாரும் அதில்தான். துணி வெட்டும்போது மோட்டாரைக் கழற்றி சார்ஜரை மாட்டுவாள், தைக்கும்போது சார்ஜரைக் கழற்றி மோட்டாரை மாட்டுவாள். சார்ஜில் இருக்கிற அந்த நேரமெல்லாம் போனில் பாட்டு ஓடும், ஆகவே போன் சும்மா இல்லை. போன் சும்மா இருப்பது ராத்திரியில். படுக்கும் முன் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுவாள், "வீணாப் போயிடும்" என்று. சார்ஜரும் கடையிலேயே இருக்கும். வைஃபை என்பது அவள் போனில் ஒரு சின்னம் மட்டும். அது ஒரு நாளும் எரிந்ததில்லை. மெமரிக்கு வந்தால், பெட்டியில் 2 ஜிபி என்று போட்டிருக்கிறது, உள்ளே போய்ப் பார்த்தால் 1.8 என்று காட்டுகிறது. ஆக, வருஷம் 365 நாளில் உங்கள் நிபந்தனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அவள் போனில் ஒரு நிமிஷம்கூடக் கூடி வராது. அவள் எத்தனை ஆயிரம் முறை "கொக்கி" என்று அடித்தாலும் அது எந்தச் சராசரியிலும் சேராது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எந்த போன் ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்திருக்கும்?

சரி, என்ன செய்யலாம் என்று வருவோம். முதலில் டேட்டா விஷயம். 1.4 எம்பி மாடல் இறங்குவதற்கும் அதே அளவு மாற்றம் ஏறுவதற்கும் ஆகிற செலவு 2.8 எம்பி. தினமும் ஒரு முறை கலந்துகொண்டால் மாதம் 84 எம்பி. சித்தியின் பேக்கில் நாளைக்கு 1.5 ஜிபி. இங்கே பிரீபெய்டு பேக் போடுகிற எல்லோருக்கும் தெரிந்த ஒன்று உங்கள் வடிவமைப்பில் எங்கும் வரவில்லை: அந்த 1.5 ஜிபியில் மிச்சம் இருப்பது ராத்திரி 12 மணிக்குச் செத்துப்போகும். மறுநாளுக்கு வராது. ராத்திரி 11 மணிக்குச் சித்தியிடம் மிச்சம் இருக்கிற டேட்டா யாருக்கும் உதவாமல் போகிற டேட்டா. அதில் 3 எம்பி எடுத்துக்கொள்ளட்டுமா என்று கீபோர்டு ஒரே ஒரு முறை, தெளிவான தமிழில் கேட்டால் அவள் சரி என்பாள். நாள் அளவு தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால்கூட 1.4 எம்பி போக 3 நிமிஷம் போதும். அளவுக் கட்டணம் உள்ள நெட்வொர்க் என்றாலே வெளியே போ என்று சொல்வது வைஃபை உள்ள வீடுகளை மனதில் வைத்து எழுதிய விதி. கேட்டுவிட்டு எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். கேட்காமல் எடுக்கிற செயலிகளால் நாங்கள் பட்டது போதும். ஒரு செயலி என் மாணவி ஒருத்தியின் ஒரு நாள் பேக்கைக் காலை ஒன்பது மணிக்குள் தின்று தீர்த்தது. அன்றைக்கு அவளுக்கு ஆன்லைன் தேர்வு.

அடுத்தது, என்னை மிகவும் உறுத்துகிற விஷயம். 2019 கட்டுரையில் ஒரு ஏற்பாடு சொல்லப்படுகிறது. ஒரு சுற்றுக்கு 100 போன்களின் பதில் தேவை என்றால் 130 போன்களை அழைப்பார்கள். 6 முதல் 10 சதவீதம் வரை பாதியில் விழுந்துவிடும் என்பதால் இந்த உபரி. போதுமான பதில் வந்ததும் சுற்று முடிந்துவிடும். அதற்கப்புறம் வருகிறவற்றை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சர்வர் பக்கம் நின்று பார்த்தால் இது புத்திசாலித்தனம். போன் பக்கம் நின்று பாருங்கள். பழைய பிராசசர், சூடானால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது கஷ்டப்பட்டுக் கணக்குப் போட்டு, சூடாகி, பேட்டரி ஆயுளில் கொஞ்சத்தைச் செலவழித்து, பதிலை எடுத்துக்கொண்டு வருகிறது. கதவு மூடியிருக்கிறது. மறுநாளும் அதே. வேகமான போன் வைத்திருப்பவரின் தமிழ் சேர்கிறது, மெதுவான போன்காரரின் தமிழ் குப்பைக்குப் போகிறது. போனின் விலையும் அதை வைத்திருப்பவர் பேசுகிற வழக்கும் தொடர்பில்லாதவை என்றால் நான் இவ்வளவு பேசமாட்டேன். சென்னையில் ஐடி வேலை பார்க்கிறவரின் போனும் சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்தில் தையல் கடைக்காரியின் போனும் ஒன்றாக இருப்பதில்லை, அவர்கள் தமிழும் ஒன்றாக இருப்பதில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஃபெட்பிராக்ஸ் என்ற முறையை 2018இல் முன்வைத்தார்கள்; மெதுவான போன் சொன்ன வேலையில் பாதிதான் முடித்திருந்தாலும் அந்தப் பாதியைச் சேர்த்துக்கொள்கிற ஏற்பாடு. போனில் கற்கிற மாடல் சர்வரிலிருந்து வந்த மாடலை விட்டு ரொம்ப விலகிப் போகாமல் இருக்க ஒரு சின்னக் கட்டு போட்டுவைக்கிறது. ஃபெட்பஃப் என்று மெட்டா ஆய்வாளர்கள் எழுதிய முறையில் சுற்றுக்காக எல்லோரும் காத்திருக்கவே வேண்டாம். பதில்கள் வரும்போது வரட்டும் என்று ஒரு தொட்டியில் சேர்த்துவைத்து, தொட்டி நிறைந்ததும் மாடலைத் திருத்துவார்கள். தாமதமாக வந்ததற்கு எடை கொஞ்சம் குறையும், குப்பைக்குப் போகாது. ஆகவே 'நேரமாகிவிட்டது, வேண்டாம்' என்பது இன்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிற ஒரு முடிவு. அதை மாற்ற உங்களால் முடியும்.

இப்போது மெமரி. இதில் நானும் மாணவர்களும் கையைச் சுட்டுக்கொண்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோவில்பட்டியில் செகண்ட்ஹேண்ட் கடை ஒன்றில் ஐந்து பழைய போன்கள் வாங்கினோம். இரண்டு 2 ஜிபி, இரண்டு 3, ஒன்று 4. 2018 கட்டுரையில் இருப்பது போன்ற ஒரு மாடலைத் தமிழுக்குக் கட்டினோம். 10,000 சொற்களோடு ஐந்திலும் ஓடியது. ஆனால் தமிழுக்கு 10,000 சொல் எந்த மூலைக்கு? வா என்ற ஒரு வினையை எடுத்துக்கொள்ளுங்கள். வந்தேன், வந்தான், வந்துட்டான், வந்துட்டாளா, வரலையாம், வந்திருக்கிறார்களா, வராமலேயே, வந்தவங்ககிட்ட என்று அது போய்க்கொண்டே இருக்கும். ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல்லாக நிற்பதெல்லாம் தமிழில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு புதுச் சொல்லாகிவிடும். சரி என்று 50,000 சொற்களுக்கு ஏற்றினோம். இரண்டு 2 ஜிபி போன்களிலும் ஆண்ட்ராய்டு எங்கள் செயலியை ஒவ்வொரு முறையும் கொன்றுவிட்டது.

ஏன் என்று மாணவர்களோடு உட்கார்ந்து பேப்பரில் கணக்குப் போட்டோம். கற்க ஒரே தடவையில் 16 வாக்கியம், ஒவ்வொன்றிலும் 20 சொல் என்றால் 320 இடங்கள். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த சொல் எது என்று 50,000 சொற்களுக்கும் ஒரு மதிப்பெண் போட வேண்டும். 1 கோடியே 60 லட்சம் எண்கள், எண்ணுக்கு 4 பைட், மொத்தம் 64 எம்பி. ஊகம் எங்கே தவறியது என்று கண்டு திருத்த, தவறைப் பின்னோக்கிக் கொண்டுபோக அதே அளவு இன்னொரு 64. 10,000 சொல்லில் இது 12.8 எம்பியாக இருந்தது. மாடல் சின்னதுதான். பயிற்சியின்போது நடுவில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்தான் மலை மாதிரி. மாடலை ஓட்டிப் பார்க்கும்போது இந்தச் சுமை தெரியாது, கற்கும்போதுதான் தெரியும். 'எங்கள் மாடல் எந்த போனிலும் ஓடும்' என்று நீங்கள் சொல்லும்போது, ஓடும் என்கிறீர்களா, கற்கும் என்கிறீர்களா என்று நான் கேட்பது இதனால்தான்.

திருத்தியது எப்படி என்றால், பெரிய வித்தை எதுவும் இல்லை. 16 வாக்கியத்தை ஒரேயடியாகப் போடாமல் நான்கு நான்காகப் போட்டு, வருகிற திருத்தங்களைக் கூட்டிவைத்துக் கடைசியில் ஒரு முறை மாற்றினோம். 64 எம்பி 16 ஆனது. அப்புறம், 50,000 சொல்லுக்கும் மதிப்பெண் போடாமல், சரியான சொல்லுக்கும் மற்றவற்றிலிருந்து குலுக்கி எடுத்த சில நூறுக்கும் மட்டும் போட்டோம். இரண்டு போன்களும் தாங்கின. ஒன்றில் பேட்டரி உப்பி, பின்மூடி அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டதைப் பார்த்ததும் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டோம். சூட்டையும் ஒரு நிபந்தனையாக எழுதுங்கள் என்று நான் கேட்பதற்கு அந்த போன்தான் காரணம். சார்ஜில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. மே மாதம் எங்கள் ஊரில் தகரக் கூரைக்குக் கீழே சார்ஜில் கிடக்கிற போன் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்.

சொற்களை அப்படியே வைத்துக்கொள்ளாமல் துண்டுகளாக வெட்டினால் இன்னும் லேசாகும். அதில் தமிழுக்கென்று ஒரு கவனம் வேண்டும். வணக்கம் என்பதை நாம் ஐந்து எழுத்தாகப் பார்க்கிறோம். கணினி எழுத்துகளை எண்ணாகக் குறிக்கிற யூனிகோடில் அது ஏழு குறியீடு, அதைச் சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில் 21 பைட். பைட் பைட்டாக வெட்டுகிற முறையை ஆங்கிலத்துக்குச் செய்த மாதிரியே கொண்டுவந்து வைத்தால், க ஒரு துண்டு, அதன் மேல் இருக்கிற புள்ளி இன்னொரு துண்டு என்று சிதறிவிடும். துண்டுகள் கூடினால் கணக்கும் கூடும், பேட்டரியும் கூடப் போகும். எழுத்தின் எல்லையை மீறாமல், முடிந்தால் விகுதியின் எல்லையில் வெட்டுங்கள். வந்திருக்கிறார்களா என்பதை வந்து, இருக்கிறார், கள், ஆ என்று. தமிழ் படித்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் முடிகிற வேலை இது, அதனால் மிச்சமாவது லட்சக்கணக்கான போன்களின் பேட்டரி.

இன்னொரு வழியும் இருக்கிறது. எல்லா போனுக்கும் ஒரே அளவு மாடலை ஏன் கொடுக்க வேண்டும்? சித்தி எல்லோருக்கும் ஒரே அளவில் ஜாக்கெட் வெட்டமாட்டாள். 2021இல் வந்த ஹெட்டிரோஎஃப்எல், ஃபியோர்ட் என்ற இரண்டு முறைகளும் இதைத்தான் செய்கின்றன. வலிமையான போனுக்கு முழு மாடல், எளிய போனுக்கு அதே மாடலிலிருந்து வெட்டிய ஒரு குறுகிய பகுதி. இரண்டும் ஒரே மாடலுக்குள் திரும்பிச் சேரும். சின்ன போன் சின்னப் பங்கு தரும், ஆனால் தரும். 2022இல் எம்ஐடியைச் சேர்ந்தவர்கள் 256 கிலோபைட் மெமரி உள்ள ஒரு சின்ன சிப்புக்குள்ளேயே படத்தை அடையாளம் காணும் மாடலைப் பயிற்றிக் காட்டினார்கள். மாடலின் எல்லா லேயரையும் (அடுக்கையும்) தொடாமல் தேவையானவற்றை மட்டும் திருத்துவது, எண்களை 8 பிட்டில் வைத்துக்கொள்வது போன்ற வழிகளால் அது முடிந்தது. 2 ஜிபி என்பது அதைப் போல 8,192 மடங்கு. போனில் ஆண்ட்ராய்டும் வாட்ஸப்பும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும், மொழியின் வேலையும் வேறு. ஒன்றுக்கொன்று நேராக வைக்க முடியாதுதான். இருந்தாலும் 2 ஜிபியில் முடியவே முடியாது என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

ஒரு இடத்தில் மட்டும் நான் சிக்கனத்துக்கு எதிராகவே பேச வேண்டியிருக்கிறது. 2018 கட்டுரை மாடலின் 14 லட்சம் எண்களில் 9,60,000 எண்கள் சொற்பட்டியலுக்கே போகின்றன, ஒவ்வொரு சொல்லுக்கும் 96 எண் கொண்ட ஒரு வரிசை. சித்தி ஒரு நாளில் 300 வெவ்வேறு சொல் அடித்தாள் என்று வையுங்கள். உள்ளே எடுத்துக்கொண்ட சொற்களைப் பொறுத்தவரை அந்த 300 வரிசைகள்தான் மாறும். கணக்கைக் கொஞ்சம் மாற்றி அமைத்தால் அவற்றை மட்டும் அனுப்பலாம். 28,800 எண்களில் வேலை முடியும். அருமையான மிச்சம். ஆனால் எந்த வரிசைகள் மாறின என்பதைப் பார்த்தாலே அவள் என்னென்ன சொல் அடித்தாள் என்று தெரிந்துவிடுமே! கடன் என்று அடித்தாளா, கரு கலைந்தது என்று அடித்தாளா, எல்லாம் தெரிந்துவிடும். வாக்கியம் வெளியே போகவில்லை என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும், ரகசியம் மட்டும் போயிருக்கும்.

ஒவ்வொருவர் அனுப்புவதன் மேலும் ஒரு திரை போட்டு, எல்லாவற்றையும் கூட்டும்போது மட்டும் திரைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிற பாதுகாப்புக் கூட்டல் முறை 2017லேயே வந்துவிட்டது. அதில் எல்லோரும் ஒரே வடிவத்தில் அனுப்ப வேண்டும். ஆளுக்கொரு வரிசைப் பட்டியல் என்றால் வேலை செய்யாது. ஆகவே எதை அனுப்புவது என்பதை அவள் அடித்த சொற்கள் தீர்மானிக்கக் கூடாது. இந்தச் சுற்றுக்கு இந்தப் பகுதி என்று சர்வர் முன்கூட்டியே, எல்லோருக்கும் பொதுவாகக் குலுக்கிப் போடட்டும். மிச்சம் கொஞ்சம் குறையும், மானம் காப்பாற்றப்படும். ஏழை போன்காரர்களைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அவர்களுக்கு மட்டும் திரை இல்லாத மலிவான வழியைத் திறந்துவிடாதீர்கள். இதை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பெரிய மொழி மாடல்களைப் பற்றி ஒரு வார்த்தை. லோரா என்ற முறையால் இப்போது பெரிய மாடலையும் கூட்டுக் கற்றலில் திருத்தலாம் என்கிறார்கள். மாடலுக்குள் 2,048 வரிசை, 2,048 பத்தி என்று அடுக்கிய ஒரு எண் கட்டத்தில் 41,94,304 எண்கள் இருக்கும். அதைத் தொடாமல் பக்கத்தில் 8 அகலத்துக்கு இரண்டு பட்டைகள் ஒட்டித் திருத்தினால் 32,768 எண்களை அனுப்பினால் போதும், 128இல் ஒரு பங்கு. அனுப்புகிற செலவு உண்மையிலேயே குறைகிறது. ஆனால் அந்தப் பெரிய மாடல் போனுக்குள் உட்கார வேண்டுமே? 100 கோடி எண் கொண்ட மாடலை எண்ணுக்கு 4 பிட் என்று நசுக்கினாலும் 500 எம்பி. 2 ஜிபி போனில் அதற்கு இடமில்லை. பெரிய மாடல் வந்துவிட்டது, இனி சின்ன கீபோர்டு மாடலைக் கவனிக்க ஆள் வேண்டாம் என்ற முடிவுக்குத் தயவுசெய்து வராதீர்கள். சித்தியின் போனில் இருக்கப்போவது அந்தச் சின்னதுதான்.

நான் உங்களிடம் கேட்பது இது. மொழிவாரியாக, எந்த அளவு ரேம் உள்ள போன்கள் எத்தனை பங்கு வந்து சேர்ந்தன, எத்தனை பதில் தாமதம் என்று தள்ளப்பட்டன என்ற கணக்கை வெளியிடுங்கள். தனி ஆள் யாரையும் அது காட்டிக்கொடுக்காது. தமிழ் மாடல் இத்தனை சதவீதம் சரியாகச் சொல்கிறது என்று ஒற்றை எண்ணைத் தராமல், 2 ஜிபி போன்காரர்களுக்கு எவ்வளவு, 8 ஜிபிக்காரர்களுக்கு எவ்வளவு என்று பிரித்துத் தாருங்கள். சராசரி நன்றாக இருக்கும்போதே ஒரு பக்கம் விழுந்து கிடக்கலாம். புது முறை எதையும் வெளியிடும் முன் மலிவான பழைய போனில், மொபைல் டேட்டாவில், வெயில் நேரத்தில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆய்வுக்கட்டுரைகளில் சாதனங்கள் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டுத் தேடினால், பல இடத்தில் அது ஒரு பெரிய சர்வருக்குள் நூறு போன்கள் இருப்பதாகப் பாவித்துக்கொண்டு ஓட்டியதாக இருக்கிறது. அங்கே பேட்டரி உப்பாது, ராத்திரி யாரும் டேட்டாவை அணைக்கமாட்டார்கள்.

உங்களில் பலர் தமிழர்கள் என்று எனக்குத் தெரியும். என் மாணவர்களே சிலர் இப்படிப்பட்ட குழுக்களில் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஊருக்கு வரும்போது உங்கள் அம்மாவின் போனை, பெரியம்மாவின் போனை வாங்கிப் பாருங்கள். எப்போது சார்ஜில் போடுகிறார்கள், எப்போது டேட்டாவை அணைக்கிறார்கள், இடமில்லை என்று போன் சொன்னதும் எந்தச் செயலியை முதலில் அழிக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கவனியுங்கள். நிபந்தனைகளை அப்புறம் எழுதுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் இப்போது நான்கு போன்கள் நல்ல நிலையில் இருக்கின்றன. உங்கள் மாடலை அவற்றில் ஓட்டிப் பார்க்க விரும்பினால் வாருங்கள், அல்லது அனுப்புங்கள். மாணவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சூட்டையும் நேரத்தையும் குறித்துத் தருவார்கள். சித்தியிடமும் கேட்டுவிட்டேன். நடப்பது என்ன என்று விளக்கிச் சொன்னபோது ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "நான் அடிச்சது வெளிய போகாதுல்ல?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். ராத்திரி 11 மணிக்கு மேல் டேட்டாவை அணைக்காமல் வைக்கிறாளாம். வீட்டுக்கென்று தனியாக ஒரு சார்ஜர் மட்டும் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு கணினி ஆசிரியர்